மூன்றாம் ஓலை

“ஐயா, அடுத்தாப்ல நீங்கதானாம்ல?” என்று பக்கீர் முகமது மாட்டின் முதுகைப் பார்த்தபடியே கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் வண்டி பாதித் தூரம் வந்திருந்தது. மேற்கே மலையின் உச்சியில் மட்டும் மேகம் கிடந்தது. கீழே சாலையில் வைகாசி வெயில் அப்படியே இருந்தது. வாரம் ஒருமுறை மிளகாய் மூட்டையும் கருப்பட்டிச் சிப்பமும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் சந்தைக்குப் போகிறவர் பக்கீர் முகமது. மூட்டைக்கும் பின்தட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு வைப்பார். அன்று அந்த இடத்தில் ஞானாபரணம் ஐயர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். மடியில் தோல்பை, கையில் குடை. அவர் மூன்று ஊர்ச் சபைகள் சேர்ந்த இந்தச் சேகரத்துக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. எதற்கு அடுத்தது என்று கேட்டார்.

பக்கீர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சந்தையில் கேட்டதை வரிசையாகச் சொன்னார். ராஜபாளையத்து வேதக்கோயிலில் ஒரு கலியாணத்துக்கு ஓலை வாசித்தார்களாம். முதல் ஓலை வாசித்த வாரம் பழைய குரு பெரியநாயகம் ஐயருக்குக் காய்ச்சல் கண்டதாம். இரண்டாம் ஓலை வாசித்த வாரம் அவர் போய்விட்டாராம். மூன்றாம் ஓலை இன்னும் வாசிக்காமல் நிற்கிறது. அதை வாசிக்கப் போகிறவருக்கு என்ன ஆகுமோ என்று பருத்தி விற்க வந்த ராஜுக்கள்கூடக் கேட்டார்களாம்.

“சும்மா கேட்டேன் ஐயா. வார சனிக்கிழமைக்கும் ஒங்களுக்கு எடம் விட்டு வைக்கவா, மூட்டைய ஏத்திக்கிடவான்னு தெரிஞ்சாத் தேவல.”

ஐயர் சிரித்துவிட்டு, இடத்தை விட்டு வைக்கும்படி சொன்னார்.

ஞானாபரணம் ஐயருக்கு ஐம்பத்தொன்பது வயது. பதினான்கு வருஷமாக அவருக்கென்று ஒரு சபை கிடையாது. எங்காவது ஒரு குரு இறந்துபோனாலோ, மாற்றலாகிப் போனாலோ, சபைக்குள் சண்டை மூண்டு குரு இருக்க முடியாமல் போனாலோ, அடுத்தவர் வரும்வரை அவரை அனுப்புவார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம், ஓரிடத்தில் இரண்டு வருஷம். இது அவருடைய பத்தாவது இடம். பாளையங்கோட்டையில் மகளோடு இருக்கும் மனைவிக்கு எழுதும் கடிதங்களில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று அவரே கேலியாகச் சொல்வதுண்டு. சபைகளில் அவருக்கு ‘எரவல் ஐயர்’ என்று பெயர். அது காதில் விழுந்தபோது முதலில் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. நாளானபோது அதில் ஒரு சௌகரியமும் தெரிந்தது. இரவல் வாங்கிய பொருளை யாரும் மாற்றப் பார்ப்பதில்லை, யாரும் பொறாமைப்படுவதுமில்லை.

இந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு தோல்வியிலிருந்துதான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் விடுதியை நடத்திய வெள்ளைக்கார அம்மாள் உடல்நலம் கெட்டுச் சீமைக்குப் போனபோது, விடுதியை உள்ளூர் ஆட்கள் கையில் ஒப்படைப்பதற்காக இவரை அனுப்பினார்கள். பதினொரு மாதம் எல்லாவற்றையும் இவரே பார்த்தார். தானிய அறைச் சாவிகூட இவருடைய மடியில்தான் இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிளம்புகிற அன்று சாவியை நீட்டியபோது கமிட்டியார் ஏழு பேரில் ஒருவரும் கையை நீட்டவில்லை. கடைசியில் அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அடுத்த வருஷம் விடுதி மூடப்பட்டது என்று கேள்விப்பட்டார். ஒரு பிழையும் இல்லாமல் தான் வேலை செய்ததுதான் அந்த விடுதியைக் கெடுத்தது என்று அவருக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அதன் பிறகு எந்த ஊரிலும் முதல் மாதம் எதையும் மாற்றமாட்டார், எதையும் தன் கையில் எடுத்துக்கொள்ளவும் மாட்டார். வீடு வீடாகப் போய்ப் பழைய ஐயரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரியநாயகம் ஐயரைப் பற்றிக் கேட்க நிறைய இருந்தது. இருபத்தேழு வருஷம் இருந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் சுந்தரபாண்டியத்திலும் இருந்த சபையாரில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். கடைசிப் பத்து வருஷம் அவருக்கு இடது காது மந்தம். ஜெபம் முடிந்து சபை ‘ஆமென்’ சொன்னது கேட்காமல் அவர் காத்து நிற்பார் என்பதால் சபை இன்னொரு முறை சொல்லும். அவர் போன பிறகும் இரண்டு முறை சொன்னார்கள். முதல் ஞாயிறு ராஜபாளையத்தில் ஞானாபரணம் ஐயர் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறந்த பிறகு இரண்டாவது ஆமென் வந்தது. ஒரு பிள்ளை இவரைப் பார்த்து, இந்த ஐயருக்கு விவரம் போதாது என்பதுபோல் தலையை ஆட்டிற்று. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று வேதபாடம் முடிந்ததும் சபையில் ஒரு அமைதி இறங்கியது. கலியாண ஓலை வாசிக்கிற இடம் அது. மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசித்து, தடை சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் கலியாணம் நடக்கும். பதிவேட்டில் சித்திரை மாதத்து இரண்டு ஞாயிறுகளுக்கு நேரே பெரியநாயகம் ஐயரின் கையெழுத்து இருந்தது. மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. ஓலை எழுதிய தாளைக் காணோம். ஞானாபரணம் ஐயர் தேடவில்லை. பாட்டு நம்பரைச் சொன்னார். பாய்களில் உட்கார்ந்திருந்த எழுபது எண்பது பேரும் ஒன்றாக மூச்சு விட்டது அவருக்கு நன்றாகக் கேட்டது.

ஆராதனை முடிந்ததும் இளநீர் வந்தது. யாரோ விசிறினார்கள். ராத்திரி தூக்கம் வந்ததா, தலை பாரமாக இருக்கிறதா என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். தாள் தன்னிடம் பத்திரமாக இருப்பதாகப் பெண்ணின் தகப்பன் சங்கரலிங்கம் வந்து சொன்னார். ஞானஸ்நானத்தில் சாமுவேல் என்று பெயர் பெற்றவர்தான். ஆனால் பருத்தி வியாபாரத்தில் சங்கரலிங்கம் என்ற பெயருக்கு இருந்த மதிப்பை ஊர் விடவில்லை. மார்கழியில் நிரந்தரமாக ஒரு ஐயர் வருகிறாராமே, அவரை வைத்து முதலிலிருந்து மூன்று ஓலையும் வாசித்துக்கொள்ளலாம் என்றார். யார் வாசித்தாலும் செல்லும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதிதான். அதை ஐயர் நினைவுபடுத்தினார். பருத்தி பொறுக்கப் போகும் கருத்தம்மாள், நாற்பது வயது விதவை, பெண்கள் பக்கத்திலிருந்து பதில் சொன்னாள்.

“எரவல் வாங்குன பானைய ஒடைச்சுத் திருப்பிக் குடுக்க முடியுமா ஐயா? ஒங்கள முழுசா அனுப்பி வைக்கணும்லா நாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை.

மணப்பெண் அழகுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சர். இருபத்திரண்டு வயது. புதன்கிழமை மத்தியானம் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல விட்டுவிட்டு ஐயர் இருந்த அறை வாசலில் வந்து நின்றாள். மாப்பிள்ளை சோலைராஜ் மகாராஜபுரத்துக்காரன். சர்க்காரில் அம்மைத் தடுப்புக் குத்துகிற உத்தியோகம். ஊர் ஊராகப் போவான். அவன் பெட்டியைப் பார்த்ததும் தாய்மார் பிள்ளைகளைத் தானியக் குலுக்கைக்குள் ஒளித்து வைப்பார்கள். ஆனி முடிந்ததும் அவனுக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல். அவன் தாய் வெள்ளத்தாய்க்கு ஓலைக் கதை எட்டிவிட்டது. ஆளை விழுங்குகிற சம்பந்தம் வேண்டாம் என்று அந்தம்மாள் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மார்கழிவரை தள்ளினால் இது நடக்காது என்பதை அழகுத்தாய் அழாமல், ஒரு கணக்கை விளக்குவதுபோலச் சொன்னாள்.

“வார ஞாயித்துக்கெழம நீங்களே வாசிச்சிருங்க ஐயா. அப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

தாள் உன் அப்பாவிடம் இருக்கிறது, அவர் மனம் இல்லாமல் வாசித்தால் நாளைக்கு உன் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த ஓலையைத்தான் சொல்வார்கள் என்றார் ஐயர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவள் முகம் இறுகியது.

“எரவல் ஐயர் எதுலயும் கை வைக்க மாட்டாக, எடத்தக் காத்துட்டுப் போயிருவாகன்னு இங்க சொல்லுதாக. அப்ப எதுக்கு ஐயா வந்தீக?”

உள்ளே ஏழாம் வாய்ப்பாடு தப்பும் தவறுமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து இடங்களில் ஒருவரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்று அவருக்கே பட்டது. பதிலுக்கு அவளுக்கும் பயம் இருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லாம இருக்குமா? அம்மை குத்துனா மறுநா காய்ச்சல் வரும். அதுக்குப் பயந்து யாருமே கைய நீட்டலைன்னா அவுக என்ன செய்வாக, பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாகளா?” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போனாள். வாய்ப்பாடு நின்று முதலிலிருந்து தொடங்கியது.

அன்று சாயங்காலம் ஞானாபரணம் ஐயர், பெரியநாயகம் ஐயரின் நாட்குறிப்பை எடுத்து உட்கார்ந்தார். அதிகம் எழுதாத மனிதர். போன ஊர், வந்த கூட்டம், வாசித்த அதிகாரம், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

சனிக்கிழமை பக்கீர் முகமது சொன்னபடி இடம் விட்டு வைத்திருந்தார். ராஜபாளையத்தில் சங்கரலிங்கத்தின் கிட்டங்கிக்கு ஐயர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் பருத்தி மலைபோல் குவிந்து கிடந்தது. சங்கரலிங்கம் அதில் ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு விரலால் இழுத்து இழை நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயரைப் பார்த்ததும் கட்டிலைப் போடச் சொன்னார். ஐயர் ஓலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் கேட்பதுபோல, பெரியநாயகம் ஐயரைக் கடைசியாக எப்போது பார்த்தீர் என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வெகுநேரம் சங்கரலிங்கம்தான் பேசினார். அந்த இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆள் வந்தது. ஐயருக்குக் காய்ச்சல் விடவில்லை, ஓலையைக் குருவுக்கு உதவியாக இருக்கும் உள்ளூர் உபதேசியார் வாசித்துவிடட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சங்கரலிங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வருகிற நாள். சபையில் முதல் குடும்பம். தன் மகள் ஓலையை உபதேசியார் வாசிப்பதா? வில்வண்டியைக் கட்டி, மெத்தை விரித்து, ஐயரை எப்படியாவது கூட்டிவரும்படி ஆளை அனுப்பினார். ஐயர் வந்தார். ஏழு மைல் வெயிலில் வந்தார். வாசிக்கும்போது தாள் நடுங்கியது. மத்தியானம் சாப்பிட்டார், திரும்பிப் போனார், வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

“ஊர்ல ஓலைதான் ஆளக் கொன்னுச்சுங்காக. இருக்கட்டும்னு கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியும்லா ஐயா, எது கொன்னுச்சுன்னு.”

கையிலிருந்த பருத்தியை அவர் கீழே போடவில்லை. அது விரல்களுக்கு நடுவில் நூலாகத் திரிந்துகொண்டிருந்தது. இன்னொரு ஐயரையும் தன் வீட்டுக் காரியத்துக்கு நிறுத்தி வாசிக்க வைக்க மனசு வரவில்லை என்றார். மார்கழி என்று சொன்னதுகூடச் சும்மாதான். மார்கழியில் வருகிறவரையும் வாசிக்கச் சொல்லித் தன்னால் கேட்க முடியாது என்றார்.

உம்மேல் குற்றமில்லை என்று ஐயர் சொல்லலாம். சாவு வீடுகளில் அப்படி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே இருந்ததையும் பார்த்திருக்கிறார். ஐயர் தோல்பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த நான்கு வரியை வாசித்தார். ராஜபாளையம். ஓலை, இரண்டாம் தரம். நல்ல கூட்டம். சங்கரலிங்கம் வீட்டுச் சப்பட்டை மாம்பழம் இந்த வருஷம் மிகவும் ருசி, இரண்டு சாப்பிட்டேன்.

சங்கரலிங்கம் புத்தகத்தை வாங்கி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு இல்ல. மூணு,” என்றார் பிறகு. “டாக்டரு வேண்டாம்னு சொல்லியிருந்தாரு. அதான் குறைச்சு எழுதியிருக்காக.” மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அதில் சிரிப்பு எவ்வளவு அழுகை எவ்வளவு என்று ஐயருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஐயர் தான் யோசித்து வந்ததைச் சொன்னார். நாளைக்குத் தான் பீடத்தண்டை நிற்கப் போவதில்லை. பாயில் உட்காரப் போகிறார். குரு இல்லாத ஞாயிறுகளில் உபதேசியாரோ சபை மூப்பரோ ஜெபம் நடத்துகிற வழக்கம் இங்கே உண்டு. இந்தச் சபையில் மூப்பர் சங்கரலிங்கம். நடத்துகிறவர்தான் ஓலையும் வாசிப்பார்.

“நானா? பருத்தி வாங்கி விக்கிறவன் ஐயா நான். உபதேசியார் வாசிக்கப்படாதுன்னு சொன்ன வாய் இது.”

“அதுக்குத்தான் சொல்லுதேன்.”

“எம் மக ஓலைய நானே வாசிச்சா ஊரு சிரிக்காதா?”

“சிரிக்கட்டும். இப்பம் பயந்துல்லா கெடக்கு.”

சங்கரலிங்கம் மறுபடி பருத்தியைத் திரித்தார். மாடுகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்பதுபோல் கேட்டார்.

“எனக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?”

“நான் இங்கதான் இருக்கேன். நல்லபடியா அடக்கம் பண்ணி வச்சிட்டுத்தான் போவேன்,” என்றார் ஐயர். “அதுவும் என் வேலைதான.”

சங்கரலிங்கம் அவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மரப்பெட்டி திறந்து மூடும் சத்தத்துக்குப் பின், நான்காக மடித்த அந்தத் தாளைக் கொண்டுவந்தார். கொடுக்கவில்லை. விரித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, உதடு மட்டும் அசைய வாசித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடமில்லை. மகாராஜபுரத்திலிருந்து வெள்ளத்தாய் வரவில்லை. சோலைராஜ் வந்திருந்தான்; ஓலை வாசிக்கையில் மாப்பிள்ளை உள்ளே உட்காருவது வழக்கமில்லை என்பதால் சன்னலுக்கு வெளியே நின்றான். ஞானாபரணம் ஐயர் ஆண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில், கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாயில் உட்கார்ந்து வெகுகாலமாயிற்று. முழங்கால் உடனே வலிக்கத் தொடங்கியது. முன்னாலிருந்தவர்கள் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்க்கவில்லை.

சங்கரலிங்கம் வெளுத்த அங்கவஸ்திரம் போட்டிருந்தார். ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார். சபை அவருக்காகக் காத்திருந்து சேர்ந்துகொண்டது. வேதபாடம் முடிந்தது. அவர் தாளை எடுத்தார். சந்தையில் பத்து வண்டிக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல் அவருடையது. இப்போது முதல் வரிசைக்குத்தான் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து, இப்போது உரக்க, வாசித்தார்.

“மகாராஜபுரம் சோலைராஜுக்கும், ராஜபாளையம்…” என்று வந்தபோது குரல் நின்றது. பெண்கள் பக்கத்தில் அழகுத்தாய் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராகத் தகப்பனைப் பார்த்தாள். “…ராஜபாளையம் சங்கரலிங்கம் மகள் அழகுத்தாய்க்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இதற்குத் தடை அறிந்தவர்கள் உண்டானால் இப்பொழுதே தெரிவிக்கவேண்டியது. இது மூன்றாந்தரம்.”

தாளில் அவ்வளவுதான் இருந்தது. அவர் உட்காரவில்லை. பாட்டு நம்பரும் சொல்லவில்லை. தாளைப் பிடித்தபடி, கூரையிலிருந்து எதுவோ இறங்கி வரப்போகிறது என்பதுபோல் நின்றார். சபையும் அவரோடு சேர்ந்து காத்திருந்தது. ஐயர் எழுந்து போகலாமா என்று நினைத்துத் தன் கைகளைத் தொடைமேல் அழுத்திக்கொண்டார்.

“அதான் வாசிச்சாச்சுல்லண்ணே, பாட்டச் சொல்லுங்க,” என்றாள் கருத்தம்மாள். “இப்பிடியே நின்னீகன்னா கால்வலியிலதான் போவீக.”

சிரிப்பு முதலில் பின்வரிசையில் கிளம்பியது. அது முன்னால் வந்து சேர்ந்தபோது சங்கரலிங்கத்தின் தோளும் குலுங்கியது. அன்று பாட்டைக் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே பாடினார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வாகை மரத்தடிக்கு வந்தார்கள். வழக்கமாக உடனே கலைகிற கூட்டம் கலையவில்லை. சங்கரலிங்கம் மரத்தின் வேரில் உட்கார்ந்து, நெஞ்சு இன்னும் அடிக்கிறது என்று யாரிடமோ சொன்னார். அதைக் கேட்டதும் பேச்சு நின்றது. சன்னலோரம் நின்ற சோலைராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஒல்லியான ஆள், அழுக்கில்லாத விரல்கள். எதுவும் கேட்காமல் மாமனார் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் வலது கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்து, மணிக்கட்டில் மூன்று விரலை அழுத்தினான். நிச்சயத்தன்றுகூட அவனை ஓர் அடி தள்ளி நிறுத்திப் பேசிய சங்கரலிங்கம் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஞானாபரணம் ஐயர் மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து, அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். சோலைராஜின் உதடு சத்தமில்லாமல் எண்ணத் தொடங்கியது. இரண்டு எட்டுத் தள்ளி அழகுத்தாய் நின்றாள். சபை முழுவதும் தலையை நீட்டிக்கொண்டு, விநாடி முள் தாவித் தாவி வட்டம் சுற்றுவதைப் பார்த்திருந்தது.